அளக்கப்படாத ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும்? சேர்வராயன் மலையை வைத்து ஒரு விளக்கம்

மழைக்காலத்தில் சேலத்துச் செய்திகளில் இரண்டு வரிகள் தவறாமல் வரும். சேர்வராயன் மலைமேல் இருக்கும் "ஏற்காட்டில் இத்தனை மில்லிமீட்டர் மழை" என்பது ஒன்று. "திருமணிமுத்தாற்றில் வெள்ளம்" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய எண் மட்டும் வருவதில்லை: அந்த மழைக்கு ஓடையில் வினாடிக்கு எத்தனை கன அடி வரும், எத்தனை மணிக்கு வரும்?

மேட்டூர் அணையின் நீர்வரத்தைத் தினமும் காலையில் கன அடிக் கணக்கில் சொல்கிறார்கள். அப்படியிருக்க, மலையடிவாரத்தில் கண்ணங்குறிச்சிப் பக்கம் இறங்கும் ஒரு சின்ன ஓடைக்கு ஏன் சொல்ல முடிவதில்லை? அதே ஓடையில் பாலம் கட்ட இரண்டு பேர் கணக்குப் போட்டால், ஒருவருக்கு வினாடிக்கு 60 கன மீட்டர் வருகிறது, இன்னொருவருக்கு 90 வருகிறது. இருவரில் ஒருவர் தப்பாகப் போட்டுவிட்டாரா? பெரும்பாலும் இல்லை. இருவரும் அந்த ஓடையில் அளக்கப்படாத ஓர் எண்ணை வேறு எங்கிருந்தோ கடன் வாங்கியிருக்கிறார்கள். யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் அடிப்படை

ஓர் ஓடையில் ஏதாவது ஓர் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். எந்தெந்த நிலத்தில் விழும் மழை கடைசியில் உங்கள் காலடி வழியாகப் போகுமோ, அவ்வளவு நிலமும் அந்த இடத்தின் வடிநிலம். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் கிளியூர் அருவியில் விழுந்து கீழே இறங்குகிறது. ஏரியைச் சுற்றியுள்ள சரிவு, காபித் தோட்டம், தார் ரோடு, வீட்டுக் கூரை எல்லாமே கிளியூருக்குக் கீழே நிற்பவரின் வடிநிலத்தில் அடக்கம்.

விழுந்த மழை முழுவதும் ஓடைக்கு வராது. இலையிலும் சருகிலும் கொஞ்சம் தங்கும். மண் கொஞ்சம் குடிக்கும். பாறை வெடிப்பில் இறங்குவது நாள் கணக்கில் கழித்து ஊற்றாக வரும். மீதி உடனே ஓடும். அந்த மீதிக்கு வழிந்தோட்டம் என்று பெயர். இத்தனை மழைக்கு இத்தனை வழிந்தோட்டம், இன்ன நேரத்தில், என்று கணக்கிட்டுச் சொல்லும் சூத்திரத் தொகுப்புதான் மழை–வழிந்தோட்ட மாதிரி.

ஜப்பானிய நீரியலாளர் சுகவாரா உருவாக்கிய தொட்டி மாதிரியை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும். ஒரு தொட்டி. பக்கவாட்டில் ஒரு துளை, அடியில் ஒரு துளை. மேலே மழை விழுகிறது. பக்கத்துளை உயரத்துக்கு நீர் ஏறும்வரை ஓடையில் ஒன்றும் வராது. ஏறியபின் வருவது வெள்ளம். அடித்துளை வழியாகப் போவது நிலத்தடிக்கு. பக்கத்துளை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு அகலம், அடித்துளை எவ்வளவு பெரிது? இந்த எண்கள்தான் அளவுருக்கள். பாராமீட்டர் என்று கல்லூரியில் சொல்வது இதைத்தான்.

சூத்திரம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஊரை ஊராக்குவது அளவுருக்கள்.

அளவுரு எங்கிருந்து வருகிறது?

அளவீட்டு நிலையம் இருக்கும் ஆற்றில் வழி தெளிவானது. பல வருட மழைப் பதிவும் நீரோட்டப் பதிவும் கையில் இருக்கும். மாதிரி சொல்லும் ஓட்டமும் உண்மையில் அளந்த ஓட்டமும் ஒத்துப்போகும்வரை எண்களை மாற்றிக்கொண்டே போவார்கள். எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போட 1970-இல் நாஷும் சட்கிளிஃபும் கொடுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1 வந்தால் அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று அர்த்தம். 0 வந்தால், மாதிரியே வேண்டாம், சராசரி ஓட்டத்தைச் சொன்னாலே போதும் என்று அர்த்தம்.

சேர்வராயனிலிருந்து பல திசைகளில் தண்ணீர் இறங்குகிறது. திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. சரபங்கா ஓமலூர் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. வடக்குச் சரிவில் பிறக்கும் வாணியாறு தென்பெண்ணைக்குப் போகிறது. இந்த ஆறுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் மலை ஓடைகள் எத்தனையோ. ஒவ்வொன்றிலும் கருவி வைத்து, ஆள் போட்டு, 20 வருடம் அளப்பது எந்த நாட்டிலும் நடக்காத காரியம். உலகத்து ஓடைகளில் பெரும்பாலானவை அளக்கப்படாதவைதான். அதனால்தான் சர்வதேச நீரியல் அறிவியல் சங்கம் 2003 முதல் 2012 வரை பத்து வருடத்தை இந்த ஒரே கேள்விக்கு ஒதுக்கியது.

நம் ஊரில் இது புதிதல்ல

சென்னை மாகாணப் பொறியாளர்கள் இதே சிக்கலை 19-ஆம் நூற்றாண்டிலேயே சந்தித்தார்கள். 1884-இல் வந்த ரைவ்ஸ் சூத்திரம் அதற்கான விடை. வடிநிலப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டாம் அடுக்கைக் கண்டு, ஒரு கெழுவால், அதாவது இடத்துக்கு இடம் மாறும் பெருக்கெண்ணால், பெருக்கினால் உச்ச வெள்ளம் கிடைக்கும். கெழுதான் சுவாரசியம்: கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8. 80 முதல் 160 கிலோமீட்டர்வரை 8.5. மலையை ஒட்டிய குறிப்பிட்ட பகுதிகளுக்கு 10.2.

25 சதுர கிலோமீட்டர் வடிநிலத்துக்குப் போட்டுப் பார்ப்போம். கெழு 6.8 என்றால் வினாடிக்குச் சுமார் 58 கன மீட்டர். 8.5 என்றால் 73. 10.2 என்றால் 87. ஓடை ஒன்றுதான், சூத்திரமும் ஒன்றுதான். "இந்த இடத்தை எந்த வட்டாரத்தில் சேர்ப்பது?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில் மட்டும் 29 கன மீட்டர், அதாவது வினாடிக்கு ஆயிரம் கன அடி, கூடுகிறது அல்லது குறைகிறது. மேலே சொன்ன இரண்டு பேரின் சண்டை இப்படித்தான் வருகிறது.

நிலத்தை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கெழு கொடுத்தார்களே, இன்று வட்டாரமயமாக்கல் என்று சொல்லப்படுவதும் அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு பாலங்களுக்கான வெள்ளக் கணக்கை ஆராய்ந்த கோஸ்லா குழுவின் பரிந்துரையை ஒட்டி நாடு 26 நீர்வானிலை உபமண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. சில பாலங்களில் எடுத்த அளவீடுகளை வைத்து உபமண்டலத்துக்கு ஒரு வெள்ள மதிப்பீட்டு அறிக்கை என்று மத்திய நீர் ஆணையம் வெளியிட்டது. காவிரிக்கு உரியது 3(ஐ) உபமண்டலம். சின்ன, நடுத்தர வடிநிலங்களில் பாலம் கட்டுபவர்கள் புரட்ட வேண்டிய அறிக்கை இது.

கடன் வாங்க மூன்று வழி

1. பக்கத்து வீட்டில் வாங்குவது. அருகில் அளக்கப்பட்ட வடிநிலம் எதுவோ, அதன் அளவுருக்களை அப்படியே எடுத்துக்கொள்வது. பக்கத்தில் இருந்தால் மழையும் மண்ணும் ஒரே மாதிரி இருக்கும் என்பது நம்பிக்கை.

2. சாடை பார்த்து வாங்குவது. தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை. சரிவு, பரப்பு, பாறை, காட்டின் அளவு, ஆண்டு மழை ஆகியவை ஒத்துப்போகும் வடிநிலத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து எடுப்பது.

3. சூத்திரம் போட்டு வாங்குவது. அளக்கப்பட்ட பல வடிநிலங்களின் அளவுருக்களுக்கும் அவற்றின் சரிவு, மண் போன்ற குணங்களுக்கும் நடுவே தொடர்புச் சமன்பாடு கண்டு, நம் ஓடையின் குணங்களை அதில் போடுவது.

எது சிறந்தது? பிரான்சில் 913 வடிநிலங்களை வைத்து 2008-இல் வெளிவந்த ஆய்வில் பக்கத்து வீட்டு முறை முதலிடம், சாடை முறை இரண்டாமிடம், சமன்பாட்டு முறை கடைசி. இதைப் படித்துவிட்டு, சரி, பக்கத்து வீடே போதும் என்று முடிவுகட்டக் கூடாது. பிரான்சில் அளவீட்டு நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன, அதனால் பக்கத்து வீடு உண்மையிலேயே பக்கத்தில் இருக்கிறது. நிலையங்கள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் அந்தச் சாதகம் கரைந்துபோகும்.

சேலத்தில் இது எப்படி விளையாடுகிறது என்று பாருங்கள். சரபங்காவில் தேவூரில் மத்திய நீர் ஆணையத்தின் நிலையம் இருக்கிறது. மலையும் அதேதான், பிறப்பிடமும் கிட்டத்தட்ட அதேதான். அங்கிருந்து எடுத்து ஏற்காட்டுச் சரிவின் ஓடைக்குப் போடலாமே? தேவூருக்கு வந்து சேரும் தண்ணீர் மலையை விட்டு இறங்கி, வயலைத் தாண்டி, வழியில் ஏரி ஏரியாக நிரப்பிவிட்டு வருகிறது. ஒவ்வோர் ஏரியும் வெள்ளத்தின் உச்சியை மழித்து, நேரத்தை நீட்டிவிடும். தேவூரின் எண்களில் பதிந்திருப்பது மலையின் குணத்தோடு ஏரிகளின் குணமும்தான். அதை எடுத்து, ஏரியே இல்லாத செங்குத்துச் சரிவுக்குப் போட்டால் வெள்ளம் சாதுவாகத் தெரியும். என் கணிப்பில் சேர்வராயன் ஓடைக்கு, தூரமானாலும் பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் சரிவுகளில் அளந்த சின்ன ஓடை ஒன்று கிடைத்தால் அதுதான் உண்மையான உறவு.

ஒவ்வொன்றாக வாங்கக் கூடாது, மொத்தமாக வாங்க வேண்டும்

சமன்பாட்டு முறை ஏன் கடைசியில் வந்தது? இதற்குள் இந்தத் துறையின் ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது.

தொட்டிக்கே திரும்புவோம். பக்கத்துளையை உயரத்தில் வைத்து அகலமாக்கினாலும், கொஞ்சம் கீழே வைத்துக் குறுக்கினாலும், பல மழைகளுக்கு ஏறக்குறைய ஒரே வெள்ளம் வரும். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடும். அதனால் ஒரே ஆற்றுக்கு, ஒரே பதிவுக்கு, நல்ல மதிப்பெண் வாங்கும் அளவுருத் தொகுதிகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். "எது சரியான எண்?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. பிரிட்டிஷ் நீரியலாளர் கீத் பெவன் இதைத்தான் பல பத்தாண்டுகளாக வலியுறுத்துகிறார்.

துளையின் உயரத்துக்கு ஒரு சமன்பாடு, அகலத்துக்கு இன்னொரு சமன்பாடு என்று தனித்தனியே போட்டால், ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டிருந்த ஜோடி பிரிந்துவிடும். உயரம் ஒரு ஆற்றின் சாயலில், அகலம் வேறு ஆற்றின் சாயலில் வந்து நிற்கும். இரண்டும் சேர்ந்து எந்த ஆற்றையும் குறிக்காது. அதனால் கடன் கொடுக்கும் வடிநிலத்தின் தொகுதியை உடைக்காமல் முழுசாக எடுப்பது நல்லது. ஒரே வடிநிலத்திடம் வாங்காமல் ஐந்தாறு வடிநிலங்களிடம் தொகுதி தொகுதியாக வாங்கி, ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டி, வரும் வெள்ளங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. அப்போது விடை ஓர் எண்ணாக வராது, இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று ஒரு பட்டையாக வரும்.

சேர்வராயனில் கால் இடறும் இடங்கள்

முதலாவது, மண். இந்தியாவில் சின்ன வடிநிலத்துக்கு அதிகம் கையாளப்படுவது வளைவு எண் முறை. அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950-களில் உருவாக்கியது. நிலத்தின் பயன்பாட்டையும் மண்ணின் வகையையும் பார்த்து அட்டவணையிலிருந்து 100-க்குள் ஓர் எண் எடுக்க வேண்டும். எண் கூடக் கூட வழிந்தோட்டம் கூடும்.

இந்திய அட்டவணையில் அடர்ந்த காட்டுக்கு, மண் 'பி' வகை (நீரைச் சுமாராக உறிஞ்சுவது) என்றால் 40, 'சி' வகை (மெதுவாக உறிஞ்சுவது) என்றால் 58. 100 மி.மீ. மழைக்குக் கணக்குப் போட்டால் 40-க்கு வரும் வழிந்தோட்டம் வெறும் 1.4 மி.மீ. 58-க்கு 16 மி.மீ. ஒரே காடு, ஒரே மழை. மண்ணை ஒரு வகுப்பு மாற்றிப் படித்ததில் பதினோரு மடங்கு வித்தியாசம்! 10 சதுர கிலோமீட்டர் வடிநிலத்தில் 1 மி.மீ. என்பது 10,000 கன மீட்டர். அதாவது 14,000 கன மீட்டருக்கும் 1,60,000 கன மீட்டருக்கும் நடுவே இருக்கும் தூரம் இது.

மழை பெரிதானால் இந்த இடைவெளி சுருங்கும். வளைவு எண் 60-க்கும் 80-க்கும் நடுவே, 100 மி.மீ. மழையில் வழிந்தோட்டம் 19-லிருந்து 50 மி.மீ. ஆகிறது. 200 மி.மீ. மழையில் 82-லிருந்து 140 ஆகிறது. முதலாவதில் 2.7 மடங்கு, இரண்டாவதில் 1.7 மடங்கு. பெருமழையில் மண் நனைந்து நிறைந்துவிடுவதால் அளவுருவின் பிடி தளர்ந்து, மழையின் அளவே ஆட்சி செய்கிறது. நடுத்தர மழையில்தான் கடன் வாங்கிய எண் அதிகமாக ஏமாற்றும்.

இன்னொன்றும் உண்டு. அந்த அட்டவணை ஏறத்தாழ 5 சதவீதச் சரிவுள்ள நிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. 20 கொண்டை ஊசி வளைவுகள் போட்டு ரோடு ஏறும் மலைக்கு அதை அப்படியே வைப்பது சரியல்ல. காபித் தோட்டத்து நிழல் மரங்களின் கீழே சருகு மெத்தையாகக் கிடக்கும் மண் வேறு, அடிவாரத்து வறண்ட புதர்க்காட்டில் பாறை தலைநீட்டும் மண் வேறு. இரண்டையும் "காடு" என்று ஒரே வரியில் எழுதிச் சராசரி எடுத்தால் இரண்டுக்குமே பொருந்தாத எண் கிடைக்கும்.

இரண்டாவது, நேரம். ஓடையின் நீளமும் வீழ்ச்சியும் தெரிந்தால், மழை வெள்ளமாகி வந்து சேரும் நேரத்தை 1940-இல் வந்த கிர்பிச் சூத்திரத்தால் மதிப்பிடலாம். 6 கிலோமீட்டர் நீளம், 900 மீட்டர் வீழ்ச்சி என்றால் 33 நிமிடம். அதே 6 கிலோமீட்டர், சமவெளியில் 30 மீட்டர் வீழ்ச்சி என்றால் இரண்டு மணி நேரம். இந்தச் சூத்திரமும் அமெரிக்காவின் டென்னசியில் சின்னச் சின்ன விவசாய வடிநிலங்களில் பிறந்தது, எனவே இதுவும் கடன்தான். நிமிடம் பிசகினாலும் சேதி மாறாது: மலை ஓடைக்கு அரை மணி நேரக் கணக்கு.

இப்போது மழைப் பதிவைப் பாருங்கள். "ஏற்காட்டில் இத்தனை மி.மீ." என்பது காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை சேர்ந்தது. 100 மி.மீ. மழை நாள் முழுக்கத் தூறியதா, சாயங்காலம் ஒன்றரை மணி நேரத்தில் கொட்டியதா என்று அதில் தெரியாது. நாள் கணக்கில் சரிசெய்த அளவுருக்களை அரை மணி நேர ஓடைக்குக் கொண்டுவந்தால் உச்சி காணாமல் போகும்.

மூன்றாவது, மழையே இடத்துக்கு இடம் மாறுவது. ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மி.மீ., கீழே சேலத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான். இடைப்பட்ட சரிவில் எவ்வளவு என்பதை மேலும் கீழும் உள்ள மானிகளின் சராசரியால் சொல்லிவிட முடியாது. மழையைத் தப்பாகக் கொடுத்துவிட்டு ஓட்டத்தைச் சரியாக வரவைக்க முயன்றால் அளவுருக்கள் அந்தத் தப்பை விழுங்கிக்கொள்ளும். அப்புறம் அந்த எண்ணை இன்னொரு ஓடைக்குக் கடன் கொடுத்தால் தப்பும் கூடவே போகும்.

நகருக்குள் வந்தபின் திருமணிமுத்தாற்றின் கதை வேறு. கோடையில் அதில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். கோடையில் ஓடுவது நிலத்தடிக்குப் போய் ஊற்றாகத் திரும்பும் நீர் என்று வைத்து, அடித்துளையின் அளவை அந்த ஓட்டத்திலிருந்து கண்டுபிடிப்பது வழக்கம், அதை இங்கே செய்தால் சாக்கடையை ஊற்று என்று கணக்கெழுதியதாக ஆகும்.

இதனால் யாருக்கு என்ன?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே வந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பதிவானது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. தென்பெண்ணையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்க வேண்டிவந்தது. அணைக்கு மேலே தென்பெண்ணையில் பல துணையாறுகள் வந்து சேர்கின்றன, வாணியாறும் அதில் ஒன்று. துணையாறு ஒவ்வொன்றிலும் எவ்வளவு வரும் என்ற மதிப்பீடு எவ்வளவு நம்பகமோ, கீழே கரையோர ஊர்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை நேரமும் அவ்வளவுதான்.

சின்ன அளவிலும் இதேதான். குழாய்ப் பாலத்துக்கு எத்தனை குழாய், ஓடைப் புறம்போக்கின் ஓரத்தில் வீடு கட்ட எந்த மட்டம் பாதுகாப்பு, தடுப்பணையில் வருடத்துக்கு எவ்வளவு தேங்கும் என்ற எல்லாக் கணக்கிலும் அடியில் ஒரு கடன் எண் உட்கார்ந்திருக்கிறது. திட்ட அறிக்கையில் "வெள்ளம்: 72.7 கன மீட்டர்" என்று தசமப் புள்ளியோடு ஒற்றை எண் இருந்தால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்:

1. அளவுருக்கள் எந்த வடிநிலத்திலிருந்து வந்தவை?
2. அந்த வடிநிலம் இந்த ஓடைக்கு எந்த வகையில் ஒத்தது?
3. கீழ்வரம்பு, மேல்வரம்பு எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

ஏரியையே அளவியாக்குவது

கடனைக் குறைக்க வழி இருக்கிறது, அதற்கு 20 வருடப் பதிவு தேவையில்லை. ஒரு மழைக்காலத்தில் சரியான நேரம் பார்த்து எடுத்த சில அளவீடுகளே தப்பான அளவுருத் தொகுதிகளில் பெரும் பகுதியைக் கழித்துக்கட்டிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஓடையில் அளப்பது பெரிய வித்தையல்ல. நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைக் கரையிலிருந்தபடியே குறித்துக்கொண்டு, மேல்முனையில் ஒரு தேங்காயை விடுங்கள். 5 வினாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 2 மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் 0.85-ஆல் பெருக்க, 1.7. ஓடை 4 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர். ஆக வினாடிக்கு 3.4 கன மீட்டர், ஏறத்தாழ 120 கன அடி. காட்டாற்று வெள்ளத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. அகலமும் ஆழமும் ஓடை வற்றிய பிறகு, வெள்ளம் விட்டுப்போன தடத்தைப் பார்த்து அளந்துகொள்ளலாம்.

சேலத்துக்கு இதைவிட வசதியான கருவி கையிலேயே இருக்கிறது: ஏரி. மூக்கனேரி மாதிரி மலைத்தண்ணீர் வந்து சேரும் ஏரிகள் ஒவ்வொன்றும் ஓர் அளவீட்டு நிலையம்தான். ஏரி கோடி போகும்போது (நிரம்பி வழியும்போது) கலிங்கின், அதாவது உபரிநீர் வழியும் சுவரின், மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் போகிறது என்று குறித்தால் போதும். 20 மீட்டர் நீளக் கலிங்கில் 30 செ.மீ. உயரத்துக்குப் போனால் வினாடிக்குச் சுமார் 5.6 கன மீட்டர், கிட்டத்தட்ட 200 கன அடி. 60 செ.மீ. போனால் இரண்டு மடங்கு இல்லை, 2.8 மடங்கு: 15.8 கன மீட்டர், 560 கன அடி. ஏரி நிரம்பாத நாளிலும் காலையில் ஒரு மட்டம், மாலையில் ஒரு மட்டம் எழுதினால், ஏரியின் பரப்பு தெரியும் என்பதால் அன்று வந்த நீரின் கன அளவு கிடைத்துவிடும்.

கலிங்குச் சுவரில் பெயின்டால் சென்டிமீட்டர் கோடு போட ஒரு மதியம் போதும். அடுத்த மழையில் அரை மணிக்கு ஒருமுறை அந்தக் கோட்டைப் படித்துத் தேதியும் நேரமும் போட்டு எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு மழைமானி இருந்து அதே அரை மணிக் கணக்கில் மழையையும் பதிந்தால், ஐந்தாறு ஊர்களிடம் வாங்கி வந்த அளவுருத் தொகுதிகளில் எவை அந்த மழைக்கு அந்தக் கோட்டைத் தொட்டன, எவை தொடவேயில்லை என்று அன்று இரவே தெரிந்துவிடும்.